பிலிமத்தலாவை மகா அதிகாரி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியிலே, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை அணுகுமுன் எதிர்ப்படுவது பிலிமத்தலாவை. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற நம் பழைய மாணவர் பலர் இவ்வூரைப் புகைவண்டியிலும் பஸ்ஸிலும் எத்தனையோ முறை கடந்திருப்பர். இவ்வூர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்கிய ஒருவர் கண்டி இராச்சியத்தின் மகா அதிகாரியாய், அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். கண்டிராசன் கதையை நாடக மேடையிற் கண்டு கண்ணீர் விட்ட நாம், அவ்வரசனை அரியணையில் ஏற்றியவரை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1739 முதற் கண்டியை ஆண்டவர் தென்னிந்திய நாயக்கர் மரபினர். அம்மரபில் மூன்றாமவனான இராஜாதி ராஜசிங்கன் 1798 இல் மகப்பேறின்றி இறந்தான். பட்டத்து அரசியின் உடன்பிறந்தானாகிய முத்துசாமி அரசுரிமை கோரி நின்றான். மகா அதிகாரியோ அவனை விலக்கி, ஏறக்குறையப் பதினெட்டு வயதினனாகிய கண்ணுசாமி என்னும் இளைஞனைத் தெரிந்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என முடிசூட்டுவித்தார். பட்டம் இளைஞனுக்கு, ஆட்சி தமக்கு என்பதே அவர் எண்ணம். முத்துசாமி தப்பி ஆங்கிலேயர் எல்லைக்குட் புகுந்தான். கடற்கரை மாகாணங்கள் அப்போது ஆங்கிலேயர் கைப்பட்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன.

அவ்வாண்டு இறுதியிற் கொழும்புக்கு வந்த தேசாதிபதி பிரெடரிக் நோர்த் என்பவரை மகா அதிகாரி 1799 தொடக்கத்தில் அவிசாவளையிற் கண்டு பேசினார். நாயக்கர் ஆட்சியை ஒழித்துத் தாமே ஆளவேண்டும் என்பதை அவர் பின்னர் மறைக்கவில்லை. அரசனைக் கொல்லவும் உடன்படுமாறு கேட்டார். நோர்த் கொலைக்கு உடன்படவில்லை. ஆயின் அரசனைப் பெயரளவில் வைத்து, ஆங்கிலப் படையைக் கண்டியில் நிறுத்தி, அதிகாரத்தை மகா அதிகாரியிடம் விடலாம் என்று தாமே ஒரு வழி வகுத்தார். தம் அரசனை விற்கத் துணிந்தவரைத் துரோகி என்று வரலாறு கூறுகின்றது. வாங்கத் துணிந்தவரை என்னென்று கூறுவது என்பதை அது அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. 1800 இல் தளபதி மக்டவல் தூதுவராகப் பெரும்படையுடன் மலைநாடு நோக்கிப் புறப்பட்டார். தூது செல்வார்க்கு அத்துணைப் படை எதற்கு என்று அரசவை ஐயுற்றதில் வியப்பில்லை. உடன்படிக்கை கைகூடவில்லை.

1802 இற் புத்தளத்து முஸ்லிம் வணிகரின் பாக்குச் சரக்கைக் கண்டியார் பறித்தனர். ஈட்டுத்தொகை கேட்டும் கிடைக்கவில்லை. அதனையே காரணமாக்கி 1803 சனவரியிற் போர் தொடங்கிற்று. கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சென்ற படைகள் பெப்ரவரியிற் கண்டியை அடைந்தபோது, நகரம் வெறுமையாய்க் கிடந்தது. அரசன் அங்குராங்கெத்தைப் பக்கம் போயிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமியை அழைத்து வந்து முடிசூட்டினர். அவனைப் பணிய ஒரு பிரதானியேனும் வரவில்லை.

இந்நிலையிலேதான் சமாதானப் பேச்சு மீண்டும் எழுந்தது. அரசனை ஆங்கிலேயரிடம் ஒப்படைப்பதாக மகா அதிகாரி இசைந்தார். அவரே உத்தும் குமாரயா என்னும் பட்டத்துடன் நாட்டை ஆள்வது. முத்துசாமி யாழ்ப்பாணம் சென்று அவரிடமிருந்து ஆண்டுக்கு 30,000 ரூபா பெற்று வாழ்வது. ஏழு கோறளை முதலியன ஆங்கிலேயரைச் சேர்வது என்றெல்லாம் பேசி முடித்தனர். மே மாதம் 3 ஆம் நாள் நோர்த்தும் அவரும் தம்பதெனியாவிற் சந்தித்து இதனை உறுதி செய்தனர். சில கிழமைகளுக்கு முன் அரசனென்று தாம் முடிசூட்டிய முத்துசாமியை ஆங்கிலேயர் ஒரு கையெழுத்தாற் கைவிட்டனர். மகா அதிகாரி கொடுப்பதாகச் சொன்ன அரசனோ அவர் கையில் இல்லை. தம்பதெனியாவில் நோர்த்தையே சிறைப்பிடிக்க அவர் எண்ணியிருந்தார் என்று ஆங்கிலேயர் பின்னர் எழுதினர்.

நம் வகுப்பறைகளிற் கற்ற இங்கிலாந்துச் சரித்திரம் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. உள்நாட்டுப் போரில் தோற்ற முதலாம் சாள்ஸ் மன்னன் 1647 இற் பாராளுமன்றத்தோடும் சேனையோடும் ஸ்கொத்லாந்தாரோடும் ஒருங்கே பேசி, ஒருவரை ஒருவர்க்கு எதிராக நிறுத்த முயன்றான். 1649 இல் தலையிழந்தான். அங்கு அரசன் ஆடிய ஆட்டத்தை இங்கு மந்திரி ஆடினார்.

தம்பதெனியா உடன்படிக்கையின் மை உலருமுன் மலைநாட்டுக் காய்ச்சல் கண்டியிலிருந்த ஆங்கிலப் படையைத் தின்னத் தொடங்கிற்று. மேஜர் டேவியின் கீழ் எஞ்சியவருள் நோயாளரே மிகுதி. சூன் 24 ஆம் நாள் கண்டியார் தாக்கவே, உயிர்ப்பிச்சை பெற்று டேவி நகரை விட்டகன்றார். வட்டப்புளுவையில் மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடியது; ஓடம் இல்லை. முத்துசாமியைக் கொடுத்தால் வழிவிடுவோம் என்றனர் அரசன் ஆட்கள். முதலில் மறுத்த டேவி பின்பு கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டான். வழியோ கிடைக்கவில்லை, 26 ஆம் நாள் ஐரோப்பியப் படையினர் வெட்டுண்டனர். மருத்துவமனையிற் கிடந்த நோயாளரும் தப்பவில்லை. டேவி சிறைப்பட்டு, இறக்கும்வரை விடுதலை காணவில்லை. இவ்வரலாற்றில் எப்பக்கத்தாரையும் ஏமாற்றாதவன் முத்துசாமி ஒருவனே. எல்லாப் பக்கத்தாரும் அவனையே விலையாகக் கொடுத்தனர்.

போரில் வென்ற அரசன் இனி ஏவலுக்கு அடங்கும் இளைஞனாக இல்லை. ஆங்கிலேயரும் மகா அதிகாரியின் சொல்லை நம்பவில்லை. இருபுறமும் பாலம் இடிந்த பின்னும் அவர் ஓயாது, கீர்த்தி ஸ்ரீ மன்னனின் பேர்த்தி முறையான ஒரு பெண்ணைத் தம் மகனுக்கு மணமுடிக்க முயன்றார். அரசன் இதனை அரியணைக்கு இடும் ஏணியாகக் கண்டான். 1811 இல், மலாய்ப் படையினரைக் கொண்டு அரசனைக் கொல்லச் சூழ்ந்தார் என்ற குற்றத்தின்மேல் மகா அதிகாரி சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் பதவி எஹெலப்பொலைக்குப் போயிற்று. அவரும் பின்னர் அரசனைப் பிரிந்து ஆங்கிலேயரிடமே சென்றார்.

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்திற் கையெழுத்திட்டுள்ளனர். அவ்வேட்டிற் பிலிமத்தலாவை என்னும் பெயரும் உண்டு. அது மகா அதிகாரியின் குடியினரது கையெழுத்து. அவர் முடிசூட்டிய கண்ணுசாமி வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832 சனவரி 30 இல் அங்கே காலமானான்.