கணக்கெடுத்த மருத்துவர்

டாக்டர் பீட்டர் பிரைஸ் 1853-ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். 1904-இல் பழங்குடி மக்கள் துறையின் தலைமை மருத்துவ அதிகாரியானார். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளை 1907-இல் பார்வையிட்டு, அவற்றின் தலைவர்களிடம் கணக்குக் கேட்டார். விவரம் கிடைத்த 1,537 மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். பெரும்பாலும் காசநோயே காரணம். அன்று அந்நோயைக் குணமாக்கும் மருந்தில்லை. ஆயினும் காற்றோட்டமும் மருத்துவக் கண்காணிப்பும் பல உயிர்களைக் காக்கும் என்று வற்புறுத்தினார். செலவு மிகுதி என்று அரசு ஒதுக்கியது. பதவியிலிருந்து விலக்கப்பட்டபின், 1922-இல் உண்மையைச் சிறுநூலாக வெளியிட்டார், 1932-இல் மறைந்தார். கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2008-இல்தான்! ஆய்வுக்கூட நண்பர்களே, எண்களைக் குறித்து வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?