விசுவநாததாசர்

வெம்பக்கோட்டையைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில் கோயில் திருவிழா என்றால் இரவெல்லாம் நாடகம் நிகழ்வதுண்டு. அவற்றுள் மக்கள் பெரிதும் விரும்பியது வள்ளி திருமணமாகும். அந்நாடகத்தில் முருகனாக வேடந்தாங்கித் தமிழகமெங்கும் புகழ்பெற்றவர், அண்மையிலுள்ள சிவகாசியிற் பிறந்த விசுவநாததாசர் ஆவார்.

இவர் 1886 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள் சுப்பிரமணியம், ஞானாம்பாள் என்போர்க்கு மகனாகத் தோன்றினார். இன்று உலகறிந்த தீப்பெட்டித் தொழிலும் வெடித் தொழிலும் அக்காலச் சிவகாசியில் இல்லை. முடிதிருத்தும் தொழிலுடைய மருத்துவர் குலத்தினர் இவர்தம் பெற்றோர். பின்னர்த் திருமங்கலம் இவர்க்கு வாழிடமாயிற்று. இளமையிலேயே இசைவேட்கை மிக்க தாசர் நாடக மேடையை நாடினார்; குரலினிமையால் விரைவிற் பெயர் பெற்றார். ஆயினும், அவர் குரலைக் கேட்க விரும்பிய உலகம் அவர் குலத்தை மறக்க விரும்பவில்லை. அவருடன் வள்ளியாக நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். முருகனுக்குக் குறமகள் மாலையிடும் கதைக்கே இந்நிலை நேர்ந்தது வியப்பன்றோ!

காந்தியடிகளின் நெறியில் ஈடுபட்ட தாசர் கதராடை பூண்டார். நாடகங்களைத் தடைசெய்ய ஆங்கில அரசு 1876 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. எனினும், புராணக் கதையில் அரசு அஞ்சத்தக்கது யாது? அங்கேதான் தாசர் தம் வழியைக் கண்டார். கதையினிடையே நடிகர் புதிய பாட்டுக்களைச் சேர்த்துப் பாடுதல் அக்கால மேடை வழக்கம். வள்ளியோ தினைப்புனம் காப்பவள். புனத்திற் பறவைகள் வருதல் இயல்பு. அக்காட்சியில் தாசர் வெண்ணிறக் கொக்கு ஒன்றைச் சுட்டிப் பாடுவார். அக்கொக்கு யார் என்பதை அவையோர் நொடியில் உணர்ந்து ஆரவாரிப்பர். காவலரும் உணர்ந்தனர்! 1919 ஆம் ஆண்டு பஞ்சாபில் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையையும் அவர் மேடையிற் பாடினார்.

பாடிய குற்றத்திற்காக அவர் இருபத்தொன்பது முறை சிறைப்பட்டார் என்பர். நடிகர் சிறையிலிருந்தால் நாடகம் ஏது? வருவாய் ஏது? கடன் பெருகியது. ஆயினும், விடுதலையாகி வந்ததும் அவர் மீண்டும் அதே பாட்டையே பாடினார்.

1940 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் இரவு சென்னையில் வள்ளி திருமணம் நடைபெற்றது. தாசர் முருகன் கோலத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டு இடையில் நின்றது. அம்மயில்மீதே அவர் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவர்க்கு அகவை 54.