அர்ச். சூசை மொஸ்காத்தி: போர்வீரரின் வைத்தியர்

நவம்பர் மாதம் 16-ம் தேதி நம் தாய்த் திருச்சபை அர்ச். சூசை மொஸ்காத்தியின் திருநாளைக் கொண்டாடுகிறது. இவர் குருவுமல்ல, துறவியுமல்ல. நேப்பிள்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த ஒரு வைத்தியர். நம் பங்கில் நோயாளியில்லாத தெரு கிடையாது. ஆகையால் இவருடைய சரித்திரத்தை நம் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம்.

இத்தாலி தேசத்தின் தென்பாகத்திலுள்ள பெனவெந்தோ நகரில், 1880-ம் ஆண்டு ஜூலை 25-ம் தேதி, ஒன்பது மக்களில் ஏழாவது பிள்ளையாக இவர் பிறந்தார். ஆறு நாள் கழித்து, அர்ச். இஞ்ஞாசியார் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் நீதிபதி. அவருடைய உத்தியோகத்தின் காரணமாகக் குடும்பம் ஊர் மாறி, கடைசியில் நேப்பிள்ஸ் நகரில் குடியேறிற்று. 1888-ம் ஆண்டு அமலோற்பவ மாதா திருநாளன்று சிறுவன் சூசை புதுநன்மை வாங்கினான்.

அவருடைய தமையன் அல்பெர்த்தோ பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்தார். இராணுவ சேவையின்போது குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டு, வலிப்பு நோயோடு வீடு திரும்பினார். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்த சூசை, ஆண்டுக்கணக்காக அண்ணனின் கட்டிலருகே இருந்து பணிவிடை செய்தார். வலிப்பு கண்டவரை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களுக்கே அதன் பாரம் தெரியும். எந்த நேரத்தில் வரும் என்று சொல்லமுடியாது. தூக்கத்திலும் ஒரு காது விழித்திருக்க வேண்டும். நீதிபதியின் மகன் சட்டம் படியாமல் வைத்தியம் படிக்கத் துணிந்ததற்கு இந்த அண்ணனே காரணம் என்பர். அவர் கண்ட முதல் நோயாளி இராணுவத்திலிருந்து திரும்பிவந்த ஒருவர் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்வார்களாக.

1897-ம் ஆண்டு, அவர் சர்வகலாசாலையில் சேர்ந்த சிறிது காலத்துக்குள், தகப்பனார் காலமானார். அக்காலத்தில் வைத்திய சாஸ்திரம் கற்பித்தோருள் பலர், விசுவாசத்தைப் பாமரரின் பேதைமை என்று எண்ணியவர்கள். அவர்களிடமே பாடங்கேட்டு, 1903-ம் ஆண்டு முதன்மையான மதிப்பெண்களோடு வைத்தியப் பட்டம் பெற்றார். அனுதினப் பூசையையும் விடவில்லை. பின்பு ‘தீராத நோயாளர் ஆஸ்பத்திரி’ என்று பெயர்கொண்ட பழைய ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்தார். 16-ம் நூற்றாண்டில் மரிய லொறென்சா லோங்கோ என்னும் பக்தியுள்ள பெண்மணி ஏழைகளுக்காக ஏற்படுத்தியது அது.

1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெசூவியஸ் எரிமலை கக்கியபோது, மலையடிவாரத்தில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் அந்த ஆஸ்பத்திரியின் கிளையொன்று இருந்தது. கிழவரும் முடவரும் நிறைந்த இடம். இளம் வைத்தியர் அங்கே விரைந்து சென்று எல்லாரையும் வெளியேற்றினார். கடைசி நோயாளி வெளியே வந்த சற்று நேரத்துக்குள், சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. 1911-ம் ஆண்டு நகரில் வாந்திபேதி பரவியபோதும் அவர் உழைத்தார்.

1914-ம் ஆண்டு நவம்பரில் தாயாரை நீரிழிவு நோய்க்குப் பறிகொடுத்தார். ஆறு மாதம் சென்று, 1915-ம் ஆண்டு மே மாதம், இத்தாலி முதல் மகா யுத்தத்தில் இறங்கிற்று. மொஸ்காத்தி போர்முனைக்குப் போகத் தாமாகவே மனுச் செய்துகொண்டார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ஊரில் அவர் செய்யும் வேலையே அதிகம் தேவை என்பது அவர்கள் தீர்மானம். ஆஸ்பத்திரியில் போர்வீரருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியை அவர் பொறுப்பில் ஒப்புவித்தார்கள்.

வடக்கே ஆல்ப்ஸ் மலைகளிலும் இசோன்சோ நதிக்கரையிலும் சண்டை நடந்தது. குண்டடி மாத்திரமா? பனியும் பசியும், பதுங்குகுழிச் சேறும், குடற்காய்ச்சலும், காசமும், மலைக்காய்ச்சலும் சேர்ந்து மனிதரை அரித்தன. அந்த யுத்தத்தில் மாண்ட இத்தாலிய வீரர் சுமார் 6 லட்சம் பேர். உயிர்தப்பி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி வெற்றிச் சின்னங்களில் எழுதுவோர் குறைவு. அவர்களில் பலர் எழுத்தறியாத குடியானவப் பிள்ளைகள். ஊர் தூரம், தாய் தகப்பன் பக்கத்தில் இல்லை.

ஏறக்குறைய 3,000 போர்வீரர்களுக்கு மொஸ்காத்தி சிகிச்சை செய்தார். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே நோயின் வரலாற்றையும் நாட்குறிப்பையும் எழுதிவைத்தார். இதைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். எங்கே வலி தொடங்கியது, முன்பு என்ன நோய் கண்டது, இன்று காய்ச்சல் ஏறிற்றா இறங்கிற்றா, மருந்து பிடித்ததா என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, மறுநாள் மறுபடியும் வந்து கேட்டாலன்றி அப்படி எழுத முடியாது. படையிலே எண்ணிக்கையில் ஒருவனாயிருந்த பையன், அந்தக் கட்டிலில் பெயருள்ள மனிதனானான். வைத்தியரின் பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய செபமாலையைச் சொல்வார்கள். நான் அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே சொல்வேன்.

ஆத்துமத்தையும் அவர் மறக்கவில்லை. நோயாளிகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் தேவநற்கருணைக்கும் ஏவுவது அவர் வழக்கம். குருவைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை காத்திருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. மரணத்தைத் தினமும் கண்ட இந்த வைத்தியருக்கு அந்தப் பயம் இல்லை. நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்படி பார்த்துக்கொண்டார்.

யுத்தகாலத்திலேயே சர்வகலாசாலையில் பேராசிரியராகும் வாய்ப்பு வந்தது. நோயாளிகளை விட்டுப்போக மனமில்லாமல் வேண்டாமென்றார். 1919-ம் ஆண்டு ஆண்கள் பகுதியொன்றுக்குத் தலைமை வைத்தியரானார். மாணவர் கூட்டம் கட்டில் கட்டிலாக அவர் பின்னே நடந்து பாடம் கற்றது. தாயாரைக் கொண்டுபோன நீரிழிவுக்கு 1921-ம் ஆண்டு இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபின், இத்தாலியில் அதை முதன்முதல் கையாண்டவர்களுள் இவரும் ஒருவர். ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார். மருந்துச் சீட்டுக்குள்ளே பணத்தை மடித்துவைத்துக் கொடுத்தனுப்புவதும் உண்டு. விவாகம் செய்துகொள்ளவில்லை, தமக்கை நீனா வீட்டைக் கவனித்துக்கொண்டாள், தருமத்திலும் கூட நின்றாள்.

1927-ம் ஆண்டு ஏப்ரல் 12-ம் தேதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. காலையில் பூசைகண்டு நன்மை வாங்கினார்; வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பிற்பகலில் வீட்டிலே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உடம்பு சரியில்லையென்று தம் அறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தார். கைகளை மார்பின்மேல் வைத்தபடி உயிர் பிரிந்தது. வயது 46.

1930-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி அவருடைய சரீரம் நேப்பிள்ஸ் சேசுசபைக் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1975-ம் ஆண்டு அவருக்கு முத்திப்பேறு பட்டமும், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987-ம் ஆண்டு அக்டோபர் 25-ம் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தனர். கோவிலிலுள்ள அவருடைய வெண்கலச் சுரூபத்தின் கையை, வரும் நோயாளிகள் தொட்டுத் தொட்டு மினுமினுப்பாக்கியிருக்கிறார்கள். பக்கத்து அறையில், அவர் உயிர்விட்ட நாற்காலியையும் வைத்திருக்கிறார்கள்.