கடலுக்குப் போன ஜிம் கிரே

மண்டபத்தூர் கடற்கரையில சாயங்காலம் நின்னிருக்கீங்களா? விடியறதுக்கு முன்னாடி போன ஃபைபர் படகு நேரத்துக்குத் திரும்பலன்னா, மூழ்கிடுச்சா, இல்ல எஞ்சின் நின்னு மிதக்குதான்னு கரையில இருக்கறவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் உலகத்துல இந்தச் சிக்கலை ஆராய்ந்த ஒருத்தர் இருந்தார். அவர் கதையும் கடல்லதான் முடிஞ்சது.

ஜிம் கிரே 1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1969-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம், அப்புறம் ஐபிஎம். நீங்க போன்ல பணம் அனுப்பும்போது அது முழுசா நடக்கணும், இல்லன்னா நடக்கவே கூடாது இல்லையா? அந்த டிரான்சாக்‌ஷன் கருத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். 1998-ல் டூரிங் விருது வாங்கினார்.

எனக்குப் பிடிச்சது டான்டம் நிறுவனத்துல அவர் செஞ்ச வேலை. வாடிக்கையாளர்களிடம் கம்ப்யூட்டர்கள் ஏன் நின்னுபோச்சுன்னு கணக்கெடுத்து 1985-ல் ஒரு அறிக்கை எழுதினார். ஹார்டுவேர் காரணம் 18 சதவீதம்தான். இயக்குறதுலயும் பராமரிக்கிறதுலயும் வந்த தப்பு 42, சாஃப்ட்வேர் 25. கோளாறான பகுதி பாதி உயிரோட இழுத்துக்கிட்டுக் கிடக்காம, உடனே நின்னுடணும்னு அதுல வலியுறுத்தினார்.

இப்ப உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வாங்க. ஆர்டருக்கு ஒரு சர்வீஸ், பேமென்ட்டுக்கு ஒன்னு, ஒவ்வொன்னுக்கும் தனி டேட்டாபேஸ். டாக்கர்ல டேட்டாபேஸை ஸ்டாப் பண்ணினா சட்டுனு எர்ரர் வரும், அது சுலபமான சோதனை. ஸ்டாப்புக்குப் பதிலா பாஸ் பண்ணிப் பாருங்க. இணைப்பு இருக்கிற மாதிரியே இருக்கும், பதில் மட்டும் வராது. டைம்அவுட் வைக்கலன்னா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டா மாட்டிக்கிட்டு, கடைசியில சர்வீஸே முடங்கிடும். லாக்ல ஒரு எர்ரர் கூட இல்லாம போகலாம்! திரும்ப ஓட விட்டதும் இன்னொன்னு பாருங்க: ரீட்ரை ஆன பேமென்ட், பணத்தை ரெண்டு தடவை எடுத்திருக்கா? ஒரே டிரான்சாக்‌ஷன் ரெண்டு டேட்டாபேஸையும் காப்பாத்தாது. அதனால ஒரே ஆர்டர் எண் ரெண்டாவது தடவை வந்தா அதைக் கண்டுபிடிச்சு ஒதுக்குற வேலை உங்களோடது.

2007 ஜனவரி 28. அம்மாவோட அஸ்தியைக் கரைக்க, தன் பாய்மரப் படகுல ஃபேரலான் தீவுகளுக்குத் தனியா கிளம்பினார் கிரே. உதவி கேட்டு எந்த அழைப்பும் வரல. கடலோரக் காவல்படை தேடுச்சு. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கி இணையத்துல போட, ஆயிரக்கணக்கானவங்க உட்கார்ந்து துண்டு துண்டா பார்த்தாங்க. படகோட ஒரு பலகை கூடக் கிடைக்கல.

நீதிமன்றம் அவரை இறந்தவர்னு அறிவிச்சது 2012-லதான். அதுவரைக்கும் அவர் குடும்பம் காத்திருந்தது.