ஒரே துவக்கு, இரண்டு சன்னம்: சாமுவேல் பேக்கர் போட்ட கணக்கு

வன்னியில் வயலுக்குள் இறங்கிய யானை வெடிபட்டுக் காட்டுக்குள் திரும்பினால், பல நாள் வதைபட்டுச் சாவதுண்டு. எந்தச் சன்னம் உடனே கொல்லும், எது காயத்தோடு விடும் என்பதை வாழ்நாள் முழுதும் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் இதே தீவில் வாழ்ந்தார். அவர் சாமுவேல் பேக்கர்.

1821இல் இலண்டனில் பிறந்தவர். 1840களில் இலங்கை வந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். பிரிஸ்டல் நகரின் ஜோர்ஜ் கிப்ஸிடம் செய்வித்த, சுமார் 9.5 கிலோ எடையுள்ள ரைபிள் அவரிடம் இருந்தது. அதன் குண்டு 113 கிராம்; மருந்து 28 கிராம்.

1855இல் தீவை விட்டுப் போனார். 1864இல் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியை அடைந்தார். பிற்காலத்தில் .577 ரைபிளுக்கு இரு வகைத் தோட்டாக்கள் கிடைத்தன. ஒன்றில் முனை குடைந்த இலேசான சன்னம். மற்றதில் 42 கிராம் திண்ம ஈயம். குடைந்தது வேகமாகப் பாயும். ஆனால் பெரிய விலங்கின் தசையிலேயே சிதறிவிடும். திண்மமானது ஆழம் போகும். புலிக்குத் தூய ஈயம், யானைக்குக் கடினமாக்கிய ஈயம் என்பதே அவர் முடிவு. 1890இல் அதை நூலாக்கினார், 1893இல் மறைந்தார்.

அவர் காலத்தில் யானையைக் கொன்றவருக்கு அரசே பணம் கொடுத்தது. 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு யானையின் காலில் வெடித்தால், அது கொல்லாது, முடமாக்கும். பேக்கரின் கணக்கு இன்றும் பிழைக்கவில்லை.