ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே

ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே (ஏப்ரல் 16, 1907 - பெப்ரவரி 18, 1964) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பொறிவினைஞரும் கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். ஸ்னோமொபைல் எனப்படும் பனியுந்தைப் பொதுமக்கள் நம்பிப் பயன்படுத்தத்தக்க ஊர்தியாக உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். முறையான பொறியியல் பட்டம் எதுவும் பெறாத இவர், கடுங்குளிரில் ஓட மறுக்கும் எஞ்சின்களைத் தம் பழுதுபார்ப்புப் பணிமனையில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தே தம் அறிவை வளர்த்துக்கொண்டார். 40க்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றார். இவருடைய குடும்பப் பெயரைப் பிரெஞ்சு மொழியில் பொம்பார்டியே என்றும் ஆங்கிலத்தில் பொம்பார்டியர் என்றும் ஒலிப்பர்.

இளமைக்காலம்

பொம்பார்டியே கியூபெக்கின் தென்கிழக்கில் உள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் பொம்பார்டியே, தாய் அன்னா கிராவேல். எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். சிறுவயதிலேயே கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதிலும் சிறு பொறிகளைச் செய்வதிலும் நாட்டம் கொண்டிருந்தார். மகன் பாதிரியாராக வேண்டும் என்று பெற்றோர் விரும்பியதால், செர்புரூக் நகரிலிருந்த சமயக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆனால் அவருடைய மனம் எந்திரங்களிலேயே இருந்தது.

ஓடாமல் கிடந்த ஒரு போர்டு மாடல் டி தானுந்தின் எஞ்சினைத் தந்தை அவருக்குக் கொடுத்தார். 1922 டிசம்பர் 31 அன்று, 15 வயதான பொம்பார்டியே, அந்த எஞ்சினை ஒரு சறுக்குவண்டியின் மேல் பொருத்தி, பின்புறத்தில் மரத்தாலான சுழல்விசிறியை இணைத்து, தம்பி லெயோபோல்டின் துணையுடன் ஊர்த்தெருவில் ஓட்டிக் காட்டினார். வண்டி ஓடியது, எனினும் காப்பு எதுவுமின்றிச் சுழன்ற விசிறி எவரையும் வெட்டிவிடக்கூடும் என்பதால் தந்தை அதனைக் கழற்றிவிடச் சொன்னார்.

1924இல் சமயக் கல்லூரியை விட்டு விலகிய பொம்பார்டியே, அருகிலுள்ள ஊரில் ஒரு பணிமனையில் தொழில் பயின்றார். பின்னர் மொன்றியல் நகருக்குச் சென்று பகலில் பழுதுபார்ப்பவராகப் பணியாற்றி, மாலையில் எந்திரவியலும் மின்னியலும் கற்றார். 1926இல், தமது 19ஆம் வயதில், தந்தையிடம் பெற்ற கடனுதவியுடன் வால்கூரில் சொந்தப் பணிமனையைத் தொடங்கினார். 1929இல் இவோன் லாபிரெக் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆறு குழந்தைகள் பிறந்தனர்.

கியூபெக்கின் குளிர்காலமும் பணிமனையும்

பனி என்றதும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ளோர்க்கு மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் பனித்துளியே நினைவுக்கு வரும். அரியாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் அம்மாத விடியற்காலை வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். கியூபெக்கிலோ வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 பாகை வரை இறங்குவதுண்டு. வெண்பனி ஆளுயரத்துக்குக் குவிந்து சாலைகளை மூடிவிடும். 1920களில் அம்மாகாணத்தின் சிற்றூர்ச் சாலைகளில் குளிர்காலத்தில் பனி அகற்றப்படவில்லை. தானுந்து வைத்திருந்தோர் அதனைக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளையே நம்பியிருந்தனர். இதனால் பொம்பார்டியேயின் பணிமனையில் கோடையில் வேலை நிறைந்திருந்தது, குளிர்காலத்தில் குறைந்திருந்தது. அந்த ஓய்வு மாதங்களே அவருடைய ஆய்வுக்காலமாக அமைந்தன.

கடுங்குளிரில் எஞ்சின் பழுதுகள்

பொம்பார்டியே எதிர்கொண்ட சிக்கல்களை விளங்கிக்கொள்ளக் குளிர் ஓர் எஞ்சினை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிதல் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் ஒன்று இயங்கத் தீப்பொறி, எரிபொருள் ஆவி, காற்று, அழுத்தம் ஆகியன வேண்டும். குளிர் இவற்றுள் பலவற்றை ஒரே நேரத்தில் பாதிக்கிறது.

முதலாவதாக, உராய்வைக் குறைக்கும் எண்ணெய் பாகுபோல் தடித்துவிடும். எஞ்சினைச் சுழற்றவே பெரும் விசை தேவைப்படும். மாடல் டி தானுந்தில் கியர் பட்டைகளும் அதே எண்ணெயில் தோய்ந்திருந்தமையால், தடித்த எண்ணெய் அவற்றைப் பற்றிக்கொள்ளும். கைப்பிடியால் சுழற்றும்போதே வண்டி ஓட்டுநரை நோக்கி நகர முற்படும். எனவே ஒரு பின்சக்கரத்தை முட்டுக்கொடுத்து உயர்த்திய பின்னரே பலர் எஞ்சினைக் கிளப்பினர். இரண்டாவதாக, மின்கலத்தின் திறன் குறையும். சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் ஈயமின்கலம் ஏறத்தாழப் பாதித் திறனையே தரும். மூன்றாவதாக, பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. இதனை ஈடுசெய்யச் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்தால் கலவை செறிவாகும். அளவு மீறினால் தீப்பொறிச் செருகி நனைந்து பொறி எழாது. நான்காவதாக, எரிபொருளில் கலந்த சிறிதளவு நீரும் குழாயிலோ கார்புரேட்டரிலோ உறைந்து வழியை அடைத்துவிடும்.

இவற்றுக்கு மக்கள் கண்ட வழிகள் எளியவை. இரவில் எண்ணெயையும் குளிர்நீரையும் வடித்தெடுத்து, காலையில் அடுப்பில் சூடேற்றி ஊற்றினர். மின்கலத்தை வீட்டினுள் வைத்தனர். நீரில் ஆல்ககால் கலந்து உறைவதைத் தடுத்தனர். எஞ்சின் கிளம்பாதபோது முதலில் தீப்பொறி எழுகிறதா, அடுத்து எரிபொருள் வந்து சேர்கிறதா, பின்னர் காற்றுவழி திறந்துள்ளதா, இறுதியாக அழுத்தம் நிற்கிறதா என வரிசையாகப் பார்ப்பதே பழுது அறியும் முறையாகும். பனியுந்து ஓட்டுவோர் இவ்வரிசையை இன்றும் பின்பற்றுகின்றனர்.

கிளம்பிய எஞ்சினுக்கு எதிர்மாறான இடர் ஒன்றும் உண்டு. மென்பனியில் வண்டி மெதுவாகவும் பெரும் பளுவோடும் செல்வதால், வெளியே கடுங்குளிர் நிலவும்போதே எஞ்சின் மிகையாகச் சூடேறக்கூடும். குளிர்விப்பியின் முகப்பைப் பனி அடைத்துவிட்டால் இது விரைவில் நேரும். ஆகவே பனிமேல் ஓடும் வண்டிக்கு இலேசான உடலும், புதையாத அடிப்பரப்பும், பனி ஒட்டாத இயக்கமுறையும் தேவைப்பட்டன.

மகனின் இறப்பு

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, அது வயிற்றறை அழற்சியாக முற்றியது. உடனடி அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் செர்புரூக்கில் இருந்தது. சாலைகளோ பனியால் மூடிக்கிடந்தன. தந்தையின் பணிமனையில் இருந்த சோதனை வண்டி எதுவும் அப்பயணத்துக்கு உதவும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

இத்துயரமே பனியுந்தின் தோற்றத்துக்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்படுவதுண்டு. ஆயினும் பொம்பார்டியே 1922 முதலே பனிவண்டிகளைச் சோதித்து வந்துள்ளார். அந்த இறப்பு புதிய எண்ணம் ஒன்றைத் தந்தது என்பதைவிட, ஏற்கனவே செய்துவந்த பணியை முடித்தே ஆகவேண்டிய கடமையாக மாற்றியது என்பது பொருந்தும். அதன் பின்னர் அவர் உருவாக்கிய பெரிய வண்டிகள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஏற்றிச்செல்லும் பணியில் பரவலாக ஈடுபட்டன.

பற்சக்கரமும் பட்டையும்

அதுவரை பனிவண்டிகளில் பயன்பட்ட உலோகச் சங்கிலிப் பட்டைகள் எடை மிக்கவை. பனி இடுக்குகளில் புகுந்து உறைந்து அவற்றை இறுக்கிவிடும். 1935இல் பொம்பார்டியே இதற்குத் தீர்வு கண்டார். இரப்பர் பூசிய பற்சக்கரம் ஒன்று, குறுக்கே எஃகுச் சட்டங்கள் பிணைத்த இரப்பர்ப் பட்டையைச் சுழற்றுமாறு அமைத்தார். இரப்பரின்மேல் பனி எளிதில் ஒட்டவில்லை. ஒட்டியதும் பட்டை வளையும்போது உதிர்ந்தது. எடை குறைந்ததால் எஞ்சினின் பளுவும் குறைந்தது. இம்முறைக்கு 1937 சூன் மாதத்தில் கனடியக் காப்புரிமம் கிடைத்தது.

இவ்வமைப்புடன் ஏழு பேர் அமரக்கூடிய பி7 என்னும் வண்டி விற்பனைக்கு வந்தது. முன்புறத்தில் திசைதிருப்பும் சறுக்குப்பலகைகளும், பின்புறத்தில் எஞ்சினும் பட்டைகளும் இருந்தன. 1940களின் தொடக்கத்தில் பன்னிரண்டு பேர் அமரும் பி12 வந்தது. ஒட்டுப்பலகையாலான உருண்ட கூடும் வட்டச் சாளரங்களும் கொண்ட இவ்வண்டி, நோயாளர் ஊர்தியாகவும் அஞ்சல் வண்டியாகவும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லவும் பயன்பட்டது. 1942 சூலையில் ஓட்டோ-நெய்ழ் பொம்பார்டியே என்ற பெயரில் நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறைக்கான பனிவண்டிகளையும் இந்நிறுவனம் உருவாக்கியது.

சரிவும் மீட்சியும்

1948இல் கியூபெக் அரசு குளிர்காலத்திலும் சிற்றூர்ச் சாலைகளில் பனியகற்ற வழிசெய்தது. மகனை இழந்த தந்தை விரும்பியிருக்கக்கூடிய மாற்றமே இது. ஆனால் அதுவே அவருடைய தொழிலைப் பெரிதும் பாதித்தது. சாலை திறந்திருக்கும்போது பனிவண்டியின் தேவை குறைந்தது. ஒரே ஆண்டில் விற்பனை பெருமளவு சரிந்தது.

பொம்பார்டியே சாலையே இல்லாத இடங்களை நோக்கித் திரும்பினார். 1953இல் மஸ்கெக் என்னும் பட்டை இழுவை வண்டியை வெளியிட்டார். மஸ்கெக் என்பது வடகனடாவின் சேற்றுச் சதுப்பைக் குறிக்கும், அந்நாட்டு முதற்குடிகளின் மொழியிலிருந்து வந்த சொல் ஆகும். காடுவெட்டும் தொழிலிலும் எண்ணெய் வளத் தேடலிலும் இவ்வண்டி பெரிதும் பயன்பட்டது. அதே காலப்பகுதியில், மூட்டு இல்லாத முழு இரப்பர்ப் பட்டைகளை உருவாக்கும் பணியில் மகன் செர்மேனும் அவருடன் ஈடுபட்டார்.

ஸ்கி-டூ

ஒருவர் அல்லது இருவர் மட்டும் செல்லும் சிறிய பனியுந்து பொம்பார்டியேயின் நெடுநாள் விருப்பம். 1930களில் கிடைத்த எஞ்சின்கள் அதற்கு மிகவும் கனமாக இருந்தன. 1950களின் இறுதியில் சிறிய, காற்றால் குளிரும் எஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கியபின் அது கைகூடியது. 1959 வசந்தத்தில் முதல் வண்டிகளுள் ஒன்றைத் தம் நண்பரும் மறைப்பணியாளருமான மொரிஸ் உய்மே பணியாற்றிய ஒன்ராறியோவின் வடபகுதிக்குக் கொண்டுசென்று சோதித்தார். அதுவரை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளே அங்குப் பயணத்துக்குத் துணையாக இருந்தன.

முதல் ஸ்கி-டூவில் 7 குதிரைத்திறன் கொண்ட, ஒற்றை உருளை நான்கு வீச்சு எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. முதலில் ஸ்கி-டாக், அதாவது சறுக்கு நாய் எனப் பெயரிட எண்ணியதாகவும், எழுத்துப் பிழையால் அது ஸ்கி-டூ ஆனதாகவும் கூறப்படுகிறது. 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் இரண்டு வீச்சு எஞ்சின்கள் பயன்பாட்டுக்கு வந்தன. குளிரைப் பொறுத்தவரை இவ்வகைக்குச் சில நலன்கள் உண்டு. எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்வதால் தனித் தொட்டியில் தேங்கித் தடிப்பதில்லை. காற்றால் குளிர்வதால் உறைய நீர் இல்லை. கயிற்றை இழுத்தே கிளப்பலாம் என்பதால் மின்கலமும் தேவையில்லை. முதல் குளிர்காலத்தில் 225 வண்டிகளே விற்றன. 1963-64 குளிர்காலத்தில் இத்தொகை 8,000ஐத் தாண்டியது.

சமூகத் தாக்கம்

ஸ்கி-டூ வடபுல மக்களின் வாழ்வை விரைவாக மாற்றியது. பின்லாந்தின் வடக்கில் துருவமான் மேய்க்கும் சாமி மக்களிடையே 1960களின் தொடக்கத்தில் பரவிய பனியுந்துகள், மேய்ச்சல் முறையையே மாற்றியமைத்ததை மானிடவியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். வேட்டைக்கும் மருத்துவ உதவிக்கும் பயண நேரம் குறைந்தது. அதேவேளையில் பெட்ரோலுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் பணம் தேவைப்பட்டது. களைத்த நாய்கள் ஓய்வுக்குப்பின் மீண்டும் நடக்கும். குடியிருப்பிலிருந்து வெகுதொலைவில் நின்றுவிட்ட எஞ்சின் நடக்காது. எனவே மாற்றுத் தீப்பொறிச் செருகி, மாற்று இயக்குபட்டை, கருவிகள் ஆகியவற்றை எடுத்துச் செல்வதும் பழுதைத் தாமே நீக்கக் கற்பதும் உயிர்காக்கும் பழக்கங்களாயின.

இந்தியாவில் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் படையினர் பயணத்துக்கும் பொருள் கொண்டுசெல்லவும் பனியுந்துகளைப் பயன்படுத்தி வருகின்றனர்.

இறப்பும் மரபும்

பொம்பார்டியே 1964 பெப்ரவரி 18 அன்று, தமது 56ஆம் வயதில், புற்றுநோயால் செர்புரூக்கில் காலமானார். மகனைக் கொண்டுசேர்க்க இயலாத அதே நகரம் அது. அவருக்குப்பின் செர்மேனும், 1966 முதல் மருமகன் லோரன் போதுவேனும் நிறுவனத்தை நடத்தினர். நிறுவனம் பின்னர் தொடருந்து, வானூர்தித் துறைகளிலும் இறங்கியது. தில்லி மெட்ரோவின் பெட்டிகளுள் ஒரு பகுதி குசராத்தின் சாவ்லியிலிருந்த இந்நிறுவனத்தின் ஆலையில் செய்யப்பட்டது. 2003இல் பனியுந்துப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. தொடருந்துப் பிரிவை 2021இல் அல்ஸ்டொம் வாங்கியது.

வால்கூரில் 1971இல் அவர் நினைவாக அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.