கொலவில் மேட்டில் இரு சகோதரர்

பிரான்சு தேசத்தின் வடகரையிலே, நோர்மண்டிப் பிரதேசத்தில், கொலவில் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. 1944ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி நேசநாட்டுப் படைகள் வந்திறங்கிய கரைகளுள் ஒன்று அவ்வூரின் காலடியிற் கிடக்கின்றது. கரைக்கு மேலேயுள்ள மேட்டு நிலத்தில் அமெரிக்கப் போர்வீரரின் மயானம் அமைந்துள்ளது. ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வெண்பளிங்குக் கற்கள், தாயகம் இருக்கும் மேற்குத் திசையை நோக்கி வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் மூன்றே கற்கள், நாட்டின் அதியுயர் வீரப்பதக்கம் பெற்றோர்க்கு உரியவையாதலின், பொன்னெழுத்துத் தாங்கியவை. அம்மூவருள் ஒருவர் இளைய தியோடர் ரூஸ்வெல்ட்.

அமெரிக்க சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகனாக 1887ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி பிறந்தவர் அவர். தந்தையின் பெயரையே அவருக்கும் இட்டனர். பெருமகனுக்கு மகனாய்ப் பிறப்பது பேறு எனலாம்; அவருடைய பெயரையே சுமந்து வாழ்வது பேறுதானா என்பது வேறு கேள்வி. தந்தை கற்ற ஹார்வார்ட்டில் மகனும் கற்றார். தந்தை வகித்த கடற்படை உதவிச் செயலாளர் பதவியை மகனும் வகித்தார். தந்தை வீற்றிருந்த நியூயோர்க் ஆளுநர் ஆசனத்தை நாடி 1924இல் தேர்தலில் நின்றபோது தோல்வியே கிடைத்தது. பின்னர் புவேர்ட்டோ ரிக்கோவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் ஆட்சித் தலைவராய்ப் பணிபுரிந்தார். எங்கே சென்றாலும் தந்தையின் நிழல் முன்னே சென்றது.

முதலாம் உலக யுத்தத்தில் சகோதரர் நால்வரும் போர்க்களம் புகுந்தனர். மூத்தவர் நச்சுவாயுவாலும் குண்டாலும் தாக்குண்டும் பிழைத்தார். கடைக்குட்டி குவென்ரின் விமானமோட்டி. 1918ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, தம் இருபதாம் வயதில், சாமெரி என்னும் கிராமத்தருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். பகைவரான ஜெர்மானியரே இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கஞ் செய்தனர். மகன் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று தந்தை தீர்மானித்தார். அடுத்த ஆறு மாதத்துள் அவரும் மறைந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது மூத்தவர் மீண்டும் படையிற் சேர்ந்தார். பிரிகேடியர் ஜெனரலாக வட ஆபிரிக்காவிலும் சிசிலியிலும் போரிட்டார். நோர்மண்டிப் படையெடுப்பின்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. மூட்டுவாதத்தால் கைத்தடியின்றி நடத்தல் அரிது. இருதயமோ தளர்ந்திருந்தது, அதனை வைத்தியரிடம் மறைத்துவிட்டார். முதல் அணியோடு தாமும் கரையிறங்க வேண்டுமென்று தம் தலைவர் பார்ட்டனிடம் கேட்டார்; மறுக்கப்பட்டதும் எழுத்து மூலம் விண்ணப்பித்தார். மனமின்றியே இணங்கிய பார்ட்டன், இவரை உயிரோடு இனிக் காண்போமென எண்ணவில்லை.

யூட்டா எனப் பெயரிடப்பட்ட கரையில், காலை ஆறரை மணியளவில், முதல் அணியோடு ரூஸ்வெல்ட் இறங்கினார். கடல்வழியே முதல் அணியில் வந்த ஜெனரல் அவர் ஒருவரே. நீரோட்டம் படகுகளை இழுத்துச் சென்று, குறித்த இடத்திற்குத் தெற்கே ஒரு மைலுக்கு மேல் விலகிய இடத்தில் விட்டிருந்தது. பின்னே வரும் படையைக் குறித்த இடத்துக்கே அனுப்புவதா, இறங்கிய இடத்திலிருந்தே முன்னேறுவதா? தடியூன்றி மணல் மேடுகளுக்கப்பால் நடந்து பார்த்துத் திரும்பியவர், தவறிய இடத்திலிருந்தே போரைத் தொடங்குவதென முடிவு செய்தார். அங்கே பகைவரின் காவல் குறைவாயிருந்தது நற்பேறு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கிடைத்த பேற்றைப் பேறென்று குண்டுமழைக்கிடையே உணர்ந்துகொள்ளும் நிதானம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எறிகணைகள் வீழும் மணலில் அவர் அங்குமிங்கும் நடந்து, வந்திறங்கிய இளைஞரை வழிநடத்தினார். அன்று யூட்டாவில் அவரது டிவிஷன் இழந்தோரும் காயமுற்றோரும் இருநூற்றுக்கும் குறைவு. ஓமாகாக் கரையிலோ ஈராயிரத்துக்கு மேல். அந்த ஓமாகாவிலேதான் அவருடைய மகன் அன்று கரையிறங்கினான். அவன் பெயரும் குவென்ரின். மாண்ட சிற்றப்பனின் பெயர்.

யூலை 12ஆந் திகதி தந்தையும் மகனும் சந்தித்து நெடுநேரம் உரையாடினர். அன்றிரவே மாரடைப்பால் ரூஸ்வெல்ட் உயிர் துறந்தார். ஒரு டிவிஷனுக்கு அவரைத் தலைவராக்கும் ஏற்பாடு அப்போது நடந்துகொண்டிருந்தது. செய்தி அவரை எட்டவில்லை. ஜெனரல்கள் பேழை தாங்க, யூலை 14ஆந் திகதி அவரை அடக்கஞ் செய்தனர். தம்பி மாண்டு சரியாய் இருபத்தாறு ஆண்டுகள். வீரப்பதக்கம் அவ்வாண்டே அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. 1898ஆம் ஆண்டுப் போருக்காகத் தந்தை விரும்பியும் பெறாத அதே பதக்கம், தந்தையின் பெயருக்கு 2001ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. மகன் முந்திக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

1955இல் குவென்ரினின் உடல் சாமெரியிலிருந்து கொண்டுவரப்பட்டு அண்ணனருகே வைக்கப்பட்டது. தந்தையின் தீர்மானம் இவ்வாறு மாற்றப்பட்டது சரியோ என்று நாம் ஐயுறலாம். முப்பத்தேழு ஆண்டு அக்கல்லறையைத் தம் ஊரிற் கொண்டிருந்த கிராமத்தார்க்கு, அவர் நினைவாகக் குடும்பத்தார் அமைத்த நீரூற்று எஞ்சியது. ஆனால் தனியே ஒரு வயலோரத்திற் கிடந்தவன் இப்போது அண்ணனோடு கிடக்கிறான். முதல் யுத்தத்தில் மாண்டு அம்மயானத்தில் துயில்பவன் அவன் ஒருவனே. அண்ணன் கல்லும் தம்பி கல்லும் ஒரே உயரம். அக்கம்பக்கத்திலுள்ள சாதாரண சிப்பாய்களின் கற்களும் அதே உயரமே.